‘ஒரே ஒரு வாய்தானே, சாப்பிடுய்யா!’ - மாவுச்சத்தைக் குறைத்தவர்களின் பண்டிகைப் பாடு

பொங்கல் அன்று காலை பதினொரு மணி. திருநெல்வேலிப் பக்கத்தில் எங்கள் ஊர் வீடு. கூடத்தில் வரிசையாக வாழை இலை. சர்க்கரைப் பொங்கல் கரண்டியோடு அம்மா என் முன்னால் குனிந்து நிற்கிறார். நான் இலையின் மேல் இரண்டு கைகளையும் விரித்து மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

‘‘ஒரே ஒரு வாய்தானே, சாப்பிடுய்யா.’’

‘‘வேண்டாம்மா, நான் டயட்ல இருக்கேன்.’’

‘‘நல்ல நாளும் அதுவுமா இலையை மறைக்காதய்யா.’’

‘‘அம்மா, இது வெறும் சர்க்கரை. உடம்புக்கு விஷம்மா!’’

சொல்லி முடித்த பிறகுதான் கூடம் அமைதியானதைக் கவனித்தேன். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, வாசலில் கோலம் போட்டு, ஓலை எரித்து, புகையில் கண் கலங்கப் பொங்கிய பொங்கல் அது. அம்மா ஒன்றும் பேசவில்லை. கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். ‘‘இவ்வளவு நாளும் சோறு தின்னுதானே வளந்த?’’ என்றார் அத்தை. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த என் எட்டு வயது மகள், தன் இலையில் இருந்த பொங்கலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ‘‘அப்பா, இது விஷமா?’’

அன்றைக்கு அதோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. ஒரு மணி நேரத்தில் இன்னொன்று நடந்தது.

அப்பாவுக்குப் பதினைந்து வருடங்களாகச் சர்க்கரை. மாத்திரை சாப்பிடுகிறவர். முந்தின நாள் இரவுதான் நான் அவருக்கு வகுப்பு எடுத்திருந்தேன். ‘‘நாளைக்குச் சோறே தொடாதீங்கப்பா. காய், வடை, மோர் போதும். சுகர் எப்படிக் குறையுதுன்னு மட்டும் பாருங்க.’’ மகன் மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைந்திருக்கிறான்; அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் கேட்டுக்கொண்டார். தினமும் காலை எட்டரைக்கு மாத்திரை போட்டுவிட்டு இட்லி சாப்பிடுவது அவர் வழக்கம். அன்றைக்கு மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். படையல் முடியும்வரை சாப்பாடு இல்லை. பதினொரு மணிக்கு இலையில் உட்கார்ந்து, நான் சொன்னபடி அவியலும் கூட்டும் மட்டும் சாப்பிட்டார்.

பன்னிரண்டு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. ‘‘என்னப்பா பண்ணுது?’’ என்று கேட்டதற்குக் கோபமாக ஏதோ சொன்னார். அவர் கோபப்படுகிற மனிதரே இல்லை. குளுக்கோமீட்டரில் பார்த்தால் 58. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தோம். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தபோது 84. அதன் பிறகு அம்மா ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அதில் இருந்தது, நான் விஷம் என்று சொன்ன அதே பொங்கல்.

ஒரே நாளில் அம்மாவை நோகடித்து, அப்பாவை மயக்கத்தின் வாசல் வரை கொண்டுபோய்விட்டு, மகளையும் குழப்பிவிட்டேன். ஆனால் நான் இருந்த உணவுமுறை தவறானதில்லை. அதைப் பண்டிகைக்குள் கொண்டுவரத் தெரியாததுதான் தவறு. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பண்டிகையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டதை இங்கே சொல்கிறேன்.

ஏன் இத்தனை பேர் சோற்றைக் குறைக்கிறார்கள்?

இன்று எந்தக் குடும்பத்துப் பந்தியை எடுத்துக்கொண்டாலும் பேலியோ, கீட்டோ, ‘சோறு கொஞ்சமா வைங்க’ என்று சொல்கிறவர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். காரணம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) உதவியோடு நடந்து, 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவிகிதம் பேருக்கு நீரிழிவு. அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025-ல் வந்த கட்டுரை, இந்தியர்களுக்குக் கிடைக்கும் கலோரியில் சுமார் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது.

நானும் அந்த 13.6 கோடியில் ஒருவன். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் மாவுச்சத்தைக் குறைத்தேன். பொதுவாக ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து இருந்தால் அது ‘லோ கார்ப்’. 20 முதல் 50 கிராம் வரை இறக்கினால் கீட்டோ. ஒரு கப் வெள்ளைச் சோற்றிலேயே சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. பண்டிகை இலை வந்தால் கணக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாத்திரை... பிறகுதான் மெனு!

அப்பாவுக்கு நடந்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

நீரிழிவுக்கான சில மாத்திரைகள், சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு, கிளிக்லசைடு இந்த ரகம். இன்சுலின் ஊசியும் அப்படித்தான். தினமும் நாலு இட்லி சாப்பிடுவார் என்ற கணக்கில் மருத்துவர் அளவு எழுதியிருப்பார். இட்லியை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் அதே அளவில் போட்டால், ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். பண்டிகை நாளில் இது இன்னும் ஆபத்து. பூஜை, படையல், விருந்தாளி என்று சாப்பாடு தள்ளிப்போகும். மாத்திரை மட்டும் நேரத்துக்கு உள்ளே போய்விடும்.

இன்னொரு வகை உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். இவற்றைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை மிகவும் குறைத்தாலோ, பட்டினி கிடந்தாலோ, ரத்தத்தில் அமிலம் கூடும் ‘கீட்டோஅசிடோசிஸ்’ என்ற நிலை வரலாம். மீட்டரில் சர்க்கரை அதிகமாகத் தெரியாமலேயே இது வரக்கூடும் என்பதால் கண்டுபிடிப்பதும் சிரமம்.

எனவே மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், டைப் 1 நீரிழிவு உள்ளவர்கள் உணவுமுறையை மாற்றும் முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். விரதமோ, தாமதமாகும் சாப்பாடோ இருக்கும் நாட்களில் மருந்தை எப்போது, எவ்வளவு எடுப்பது என்று ஒரு வாரத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், மகன் சொன்னான் என்று எதையும் மாற்றாதீர்கள்.

வேர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்க் கோபம், பேச்சுக் குழறல் தெரிந்தால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். ஏறிய பிறகு கொஞ்சம் உணவு கொடுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் ‘டயட்’ என்ற பேச்சே கூடாது.

இலையில் எது, எவ்வளவு?

அந்தப் பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் அம்மாவிடமே பக்குவம் கேட்டுக் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு பேருக்குக் கால் கிலோ பச்சரிசி, ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, நானூறு கிராம் வெல்லம். அரிசியிலிருந்து சுமார் 195 கிராம் மாவுச்சத்து. வெல்லத்திலிருந்து 340-க்கு மேல். பருப்பிலிருந்து ஒரு 25. மொத்தம் 560 கிராம். ஆளுக்கு ஒரு கிண்ணம் என்று வைத்தால் தலைக்கு 46, 47 கிராம். ஒரு கப் சோற்றுக்குச் சமம். ஆனால் ஒரே ஒரு மேசைக்கரண்டி அளவு என்றால்? சுமார் 6 கிராம்தான்.

அந்த 6 கிராமுக்காகத்தான் நான் அம்மாவிடம் ‘விஷம்’ என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பொங்கல் இலையில் இருக்கும் மற்றவற்றையும் பார்த்தேன். அவரைக்காய், கத்திரிக்காய், முருங்கைக்காய், பூசணி, கீரை எல்லாமே மாவுச்சத்து குறைந்தவை. தேங்காய்த் துருவல், நெய், மோர், தயிர், ரசம் ஆகியவற்றாலும் கவலை இல்லை. கவனிக்க வேண்டியவை கிழங்குகள். சிறுகிழங்கு, சேனை, கருணை, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு இல்லாமல் திருநெல்வேலிப் பொங்கல் கிடையாது. அதில் எது உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமோ, அதில் இரண்டு துண்டு போதும். எனக்குச் சிறுகிழங்கு. வருடத்துக்கு ஒருமுறைதான் நன்றாகக் கிடைக்கும். அதை விட்டுவிட்டு எப்போதும் கிடைக்கும் அப்பளத்தைச் சாப்பிடுவதில் என்ன லாபம்?

கண்ணுக்குத் தெரியாமல் வரும் மாவும் உண்டு. கூட்டும் குழம்பும் கெட்டியாக வேண்டும் என்று அரிசி மாவு கரைத்து விடுவார்கள். அவியலில் வாழைக்காயும் சேனையும் பாதி இடத்தைப் பிடித்திருக்கும். பருப்பு வடையிலும் உளுந்து வடையிலும் புரதம் இருக்கிறது. கூடவே மாவுச்சத்தும் எண்ணெயும் இருக்கிறது. ஒன்று சாப்பிடலாம், நாலு வேண்டாம்.

மறுநாள் கறி எடுக்கும் வீடுகளில் வேலை சுலபம். கறிக்குழம்பு, மீன், முட்டை எல்லாம் மாவுச்சத்து ஏறக்குறைய இல்லாதவை. சைவ வீடுகளில் புரதத்துக்கு வழி தேட வேண்டும். பனீர், தயிர், கொஞ்சம் நிலக்கடலை, சுண்டல் இருந்தால் இலை நிறையும். வயிறு நிறைந்தால்தான் இனிப்பைப் பார்த்து மனம் அலையாது.

வெல்லம் நல்லதுதானே?

எல்லா வீட்டிலும் வரும் கேள்வி இது. ‘‘சீனிதான் கெடுதல், இது வெல்லம்’’, ‘‘இது கருப்பட்டி’’, ‘‘நாட்டுச் சர்க்கரைதான் போட்டேன்’’, ‘‘தேன்தான் ஊத்தினேன்’’. அன்பில் சொல்வதுதான். ஆனால் மாவுச்சத்துக் கணக்கில் இவை எல்லாம் ஒரே குடும்பம். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதான். அதில் இருக்கும் கொஞ்சம் தாதுச்சத்துக்காக ரத்தச் சர்க்கரை ஏறாமல் இருந்துவிடாது.

அடுத்தது சிறுதானியம். ‘‘உனக்காக வரகுப் பொங்கல் வச்சிருக்கேன்’’ என்று பரிவோடு சொல்வார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் பச்சரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. சாமையிலும் வரகிலும் கேழ்வரகிலும் 65 முதல் 67 கிராம். கம்பில் 62. நார்ச்சத்து கூடுதல் என்பதால் வெள்ளை அரிசியைவிட நல்லவைதான். ஆனாலும் ‘லோ கார்ப்’ என்று நினைத்து வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது.

‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதிய இனிப்புப் பெட்டியும் அப்படித்தான். சர்க்கரை இல்லாமல் இருக்கலாம். மைதாவும் கடலை மாவும் பால் பவுடரும் உள்ளேதான் இருக்கும்.

வரிசையை மாற்றிப் பாருங்கள்

நம் பந்தியில் இனிப்பில்தான் கை வைக்கத் தொடங்குகிறோம். சர்க்கரைப் பிரச்னை உள்ளவர்களுக்கு இந்த வரிசையை மாற்றினாலே பலன் கிடைக்கும்.

நியூயார்க்கில் இருக்கும் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015-ல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். டைப் 2 நீரிழிவு உள்ள 11 பேருக்கு ஒரே உணவை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒருநாள் ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் முதலில், கோழிக்கறியும் காய்கறியும் பிறகு. இன்னொரு நாள் காயும் கறியும் முதலில், ரொட்டி கடைசியில். இரண்டாவது முறையில், சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் பார்த்த ரத்தச் சர்க்கரை 37 சதவிகிதம் குறைவாக இருந்தது. 11 பேரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு என்றாலும், வீட்டில் செய்து பார்ப்பதற்குச் செலவோ கெடுதலோ இல்லை.

நான் இப்போது இலையில் முதலில் கூட்டு, பொரியல், அவியல் சாப்பிடுகிறேன். பிறகு வடை அல்லது பனீர். அதன் பிறகு ஒரு கைப்பிடி சோற்றில் சாம்பாரோ ரசமோ. இனிப்பு கடைசியில், ஒரு கரண்டி. சம்பிரதாயத்துக்கு முதலில் இனிப்பைத் தொட வேண்டும் என்றால், நுனிவிரலால் எடுத்து நாக்கில் வைத்துக்கொள்கிறேன். சாமியும் கோபிக்கவில்லை, அம்மாவும் கோபிக்கவில்லை.

சாப்பிட்டதும் பாயை விரிக்காதீர்கள். பதினைந்து நிமிடம் தெருவில் ஒரு நடை போய் வாருங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும்போது தசைகள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கும். பொங்கல் அன்று தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்த் தலையைக் காட்டிவிட்டு வர இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

ஓர் எச்சரிக்கை. பல வாரம் மாவுச்சத்தைக் குறைத்த உடம்பு, திடீரென்று பெரிய அளவில் வரும் சர்க்கரையைக் கையாளக் கொஞ்சம் திணறும். அதனால்தான் குளுக்கோஸ் குடிக்கவைத்து எடுக்கும் பரிசோதனைக்கு முன் மூன்று நாட்கள், தினம் 150 கிராமாவது மாவுச்சத்து சாப்பிடச் சொல்கிறார்கள். ‘‘மூணு மாசம் கட்டுப்பாடா இருந்தாச்சு, இன்னைக்கு ஒருநாள் வெட்டுவோம்’’ என்று இறங்கினால் மீட்டர் பயமுறுத்தும்.

இலையைவிட டப்பாதான் ஆபத்து!

இது எனக்குத் தீபாவளியில் புரிந்தது. தீபாவளி அன்று சாப்பிட்டதைக் கணக்குப் பார்த்தால், அப்படி ஒன்றும் அதிகமில்லை. காலையில் ஒரு அதிரசம், மதியம் கொஞ்சம் பிரியாணி. ஆனால் அடுத்த பன்னிரண்டு நாட்கள்? அலமாரியில் நாலு டப்பா. முறுக்கு, லட்டு, மைசூர்பாகு, ஒரு டப்பாவில் எல்லாம் கலந்து பக்கத்து வீட்டுப் பலகாரம். காபியோடு ஒன்று, டி.வி பார்க்கும்போது இரண்டு, ராத்திரி தூக்கம் வராமல் ஒன்று. வருடம் முழுக்கச் செய்த கட்டுப்பாட்டைப் பண்டிகை நாள் கெடுப்பதில்லை. அது விட்டுப்போகும் டப்பாக்கள்தான் கெடுக்கின்றன.

நாங்கள் செய்த மாற்றங்கள் சின்னவைதான். ஐந்து பலகாரம் செய்த இடத்தில் இரண்டு. அதுவும் அரைக் கிலோ மாவில். வந்த இனிப்பை மறுநாளே பிரித்துக் கொடுத்துவிடுவது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா, காவலாளி, அலுவலகத்தில் ஊருக்குப் போகாமல் இருக்கும் பையன்கள் என்று வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. மிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியாத மேல் தட்டில் வைத்து, மூன்றாவது நாளோடு முடித்துவிடுவது. பரிசாகக் கொடுக்க இனிப்புப் பெட்டிக்குப் பதில் பாதாம், வறுத்த நிலக்கடலை, அகல் விளக்கு, புத்தகம். இரண்டாவது வருடம் எங்களுக்கும் அதே மாதிரி திரும்பி வரத் தொடங்கியது!

எல்லாப் பண்டிகையும் ஒன்றல்ல

நம் காலண்டரில் உள்ள எல்லாப் பண்டிகையையும் ஒரே மாதிரிப் பார்க்க வேண்டியதில்லை. நவராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது நாளும் சுண்டல்! வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் மாவுச்சத்து 27 கிராம் என்றாலும், அதில் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. கூடவே 9 கிராம் அளவுக்குப் புரதம். ஒரு சின்னக் கிண்ணம் தாராளமாகச் சாப்பிடலாம். கீட்டோ இருப்பவர்கள் இரண்டு ஸ்பூனோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

விநாயகர் சதுர்த்தியில் கொழுக்கட்டை. வெளியே அரிசி மாவு, உள்ளே வெல்லப் பூரணம். இங்கே காரக் கொழுக்கட்டை, உளுந்துப் பூரணக் கொழுக்கட்டை என்று வழி இருக்கிறது. இனிப்பில் ஒன்று போதும். கார்த்திகைப் பொரி எடையில்லாமல் இருப்பதால் ஏமாற்றும். ஏறக்குறைய அத்தனையும் மாவுச்சத்துதான். பொரி உருண்டையில் வெல்லமும் சேர்கிறது. ரம்ஜானுக்கு நண்பர் வீட்டில் பிரியாணி என்றால், கறித் துண்டுகளும் தயிர்ப் பச்சடியும் நிறைய, சோறு குறைய. கிறிஸ்துமஸுக்குக் கேக் வந்தால் ஒரு மெல்லிய துண்டை எல்லோருமாகப் பங்குபோடலாம்.

வருடத்தில் எந்த மூன்று நாள் உங்களுக்கு உயிரோ, அந்த மூன்று நாளில் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் ‘போதும்’ என்று சொல்வது அப்போது கஷ்டமாக இருக்காது.

‘வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வது?

என்ன சாப்பிடுவது என்பதைவிட இதுதான் கடினம். நம் ஊரில் அன்பைக் கரண்டியில்தான் அளக்கிறோம். ‘வேண்டாம்’ என்றால், சாப்பாடு வேண்டாம் என்று யாருக்கும் கேட்பதில்லை. நீ வேண்டாம் என்றுதான் கேட்கிறது.

என் அனுபவத்தில் ஐந்து விஷயங்கள் உதவின. ஒன்று, முன்கூட்டியே சொல்வது. இலையில் உட்கார்ந்த பிறகு சொல்லாமல், நாலு நாள் முன்பே போனில், ‘‘அம்மா, எனக்குக் கூட்டும் அவியலும் நிறைய வேணும், சோறு கொஞ்சம் போதும்’’ என்று கேட்பது. வேண்டாததைச் சொல்வதைவிட வேண்டியதைக் கேட்டால் சமைப்பவருக்குச் சந்தோஷம்.

இரண்டு, பரிமாறும் வேலையை எடுத்துக்கொள்வது. பரிமாறுகிறவர் இலையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் வைத்துவிட்டுக் கடைசியில் நமக்கு வேண்டியதை வைத்துக்கொள்ளலாம்.

மூன்று, காரணத்தைச் சுருக்கமாகச் சொல்வது. ‘‘டாக்டர் சொல்லியிருக்காங்க அத்தை, வடை மட்டும் இன்னொண்ணு வைங்க’’ போதும். இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்று பந்தியில் பாடம் எடுக்க வேண்டாம்.

நான்கு, பக்கத்து இலையைப் பார்க்காமல் இருப்பது. ‘இதைச் சாப்பிடலாமா?’ என்று மதினியிடமோ மாமாவிடமோ கேட்கும் உரிமை நமக்கு இல்லை. ‘‘என்ன, இளைச்சுப்போயிட்ட?’’, ‘‘என்ன, குண்டாயிட்ட?’’ என்று அவர்கள் கேட்டால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஐந்தாவது, குழந்தைகள் முன்னால் எந்த உணவையும் விஷம், குப்பை, பாவம் என்று சொல்லக் கூடாது. என் மகள் அந்தப் பொங்கலுக்குப் பிறகு இரண்டு வாரம் பாயசத்தைக்கூடச் சந்தேகமாகப் பார்த்தாள். வளரும் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். ‘‘அப்பா உடம்புக்கு இப்போ இது கொஞ்சமாத்தான் வேணும், உனக்கு வேணுங்கிற அளவு நீ சாப்பிடு’’ என்று விளக்கிச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

மறுநாள் காலை எடை மெஷின்

எவ்வளவு திட்டம் போட்டாலும் ஒருநாள் கூடுதலாகச் சாப்பிட்டுவிடுவோம். மறுநாள் மெஷினில் ஏறினால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும். அவ்வளவும் கொழுப்பு இல்லை. உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கும்போது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பும் அன்று அதிகம். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் பெரும்பகுதி இறங்கிவிடும். தண்டனையாகப் பட்டினி கிடக்க வேண்டாம். அடுத்த வேளையிலேயே பழைய வழிக்கு வந்துவிட்டால் போதும்.

அடுத்த பொங்கல்

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போகும் முன்பே அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ‘படையல் முடிய நேரமாகும் என்றால் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து எடுங்கள், சோற்றை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், பாதியாக்குங்கள்’ என்று அவருக்கென்று தனியாக எழுதிக் கொடுத்தார். அதை அம்மா காலண்டர் ஆணியில் குத்தி வைத்துவிட்டார்.

அன்று நான்கு மணிக்கு அம்மாவோடு நானும் எழுந்தேன். ஓலை எரித்தேன். புகையில் எனக்கும் கண் எரிந்தது. பானை பொங்கி வழிந்தபோது மகள் தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டினாள். காய் நறுக்கும்போது, ‘‘இந்த வருஷம் அவரைக்காய் கூடப் போட்டிருக்கேன்யா, நீ கேட்டல்லா?’’ என்றார் அம்மா.

பதினொன்றரை மணிக்கு நான்தான் பரிமாறினேன். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, நானும் அம்மாவும் எதிரெதிரே இலை போட்டு உட்கார்ந்தோம். அம்மா பொங்கல் பாத்திரத்தைப் பக்கத்தில் இழுத்து, கரண்டியை நிரப்பாமல் ஓரத்தில் கொஞ்சமாக எடுத்து, என் இலைக்கு மேல் நிறுத்தினார்.

‘‘இவ்வளவு போதுமாய்யா?’’

நான் கையை விரித்து மறைக்கவில்லை.

‘‘போதும்மா.’’